ரேடியேட்டருக்கு எந்தத் தண்ணி ஊத்துறீங்க? - தாமிரபரணிக் கரையில் பழைய லாரிகளைக் காப்பாற்றும் கைவைத்தியம்

லாரி டிரைவரின் சீட்டுக்குப் பின்னால் எப்போதாவது எட்டிப் பார்த்திருக்கிறீர்களா? சாமி படம், போர்வை, டிபன் பாக்ஸ், ஒரு கோணிப்பை நிறைய ஸ்பேனர்கள். இவற்றோடு கட்டாயம் ஒரு தண்ணீர் கேனும் இருக்கும். அது குடிப்பதற்கு அல்ல, ரேடியேட்டருக்கு. நெல்லைப் பக்கம் ஓடும் ஒரு பழைய லாரியின் இன்ஜின் இன்னும் எத்தனை வருஷம் தாங்கும் என்பது, அந்த கேனில் எந்த ஊர்த் தண்ணீர் இருக்கிறது என்பதையும் பொறுத்தது.

பாபநாசத்தில் மலையிறங்கி, அம்பாசமுத்திரம், சேரன்மகாதேவி, திருநெல்வேலி, ஸ்ரீவைகுண்டம் வழியாகப் புன்னக்காயலில் கடலைத் தொடுகிறது தாமிரபரணி. மொத்தமே 130 கிலோமீட்டருக்குள்தான். ஆனால், இந்தச் சின்ன வட்டாரத்துக்குள் ஒரு லாரிக்கு எத்தனை விதமான சோதனைகள்! மேற்கே புளியரை எஸ் வளைவும் ஆரியங்காவு ஏற்றமும். நடுவில், 1949 முதல் சிமென்ட் ஆலை இயங்கும் தாழையூத்துச் சாலையின் புழுதி. ஆற்றங்கரை நெடுகக் கார் பருவத்திலும் பிசானத்திலும் நெல்லும் வைக்கோலும் ஏற்றும்போது கிளம்புகிற தூசி. கிழக்கே தூத்துக்குடி போனால் உப்புக்காற்று.

இந்தச் சாலைகளில் ஓடும் பழைய வண்டிகளில் பல, ஒற்றை லாரி முதலாளிகளுடையவை. ஓனரே டிரைவர், பல நேரம் அவரே மெக்கானிக்கும்கூட. அவர் வீட்டில் 'இன்ஜின் வேலை வந்துடுச்சு' என்ற வார்த்தைக்குத் தனி அர்த்தம் உண்டு. ஆறு சிலிண்டர் இன்ஜினை முழுசாக இறக்கி லைனர், பிஸ்டன், ரிங், பேரிங் மாற்றினால் செலவு லட்சத்தைத் தாண்டிவிடும். வண்டி நிற்கும் நாள்களில் வாடகையும் கிடையாது. பீரோவில் இருக்கும் நகை அடகுக்கடைக்குப் போவது அப்போதுதான். அந்த நாளைச் சில வருஷங்கள் தள்ளிப்போடும் வேலைகள், சில நூறு ரூபாய் சாமான்களோடும் ஞாயிற்றுக்கிழமை காலை இரண்டு மணி நேரத்தோடும் முடிந்துவிடக் கூடியவை.

கையால் தொட முடிகிற இன்ஜின்

எந்த வண்டிக்கும் இது பொருந்துமா என்றால், இல்லை. 2020 ஏப்ரல் 1 முதல் இந்தியாவில் விற்பனையாகும் பி.எஸ். 6 லாரிகளில் டீசலை எப்போது, எவ்வளவு பீய்ச்ச வேண்டும் என்பதைக் கம்ப்யூட்டர்தான் முடிவு செய்கிறது. கோளாறு வந்தால் ஸ்கேனர் மாட்டிப் பார்க்க வேண்டும். அங்கே ஸ்பேனரோடு போய் நின்றால் பெரிதாக ஒன்றும் செய்ய முடியாது.

பழைய வண்டி அப்படியில்லை. 1948-ல் அசோக் மோட்டார்ஸாகத் தொடங்கி 1955-ல் அசோக் லேலண்ட் ஆன எண்ணூர் கம்பெனியின் லாரிகளும், 1954-ல் ஜெர்மனியின் டெய்ம்லர்-பென்ஸ் நிறுவனத்தோடு ஒப்பந்தம் போட்டு டாடா தயாரித்த லாரிகளும்தான் இந்தியச் சாலைகளின் இரண்டு பெரிய குடும்பங்கள். டாடா - பென்ஸ் ஒப்பந்தம் 1969-ல் முடிந்துபோனது. ஆனாலும், பெரியவர்கள் வாயில் அது ரொம்ப காலத்துக்கு 'பென்ஸ் லாரி'தான். அப்புறம் 1986-ல் வந்த டாடா 407, எண்பதுகளில் லேலண்டுக்கு வந்த ஜப்பானின் ஹினோ இன்ஜின், தொண்ணூறுகளில் டாடா லாரிக்குள் ஏறிய கம்மின்ஸ் இன்ஜின். இவற்றின் பழைய மாடல்கள் அனைத்துக்கும் ஒரு பொதுக் குணம், பல் சக்கரத்தால் சுழலும் மெக்கானிக்கல் டீசல் பம்ப். கேபிளை இழுத்து ஆஃப் செய்கிற பழைய வண்டி என்றால், ஒருமுறை ஸ்டார்ட் ஆனபிறகு பேட்டரி இல்லாமலேயே ஓடும். 'செல்ஃப்' பலவீனமான வண்டியை டிரைவர்கள் இறக்கத்தில் நிறுத்தி வைப்பதன் சூட்சுமம் இதுதான். இறக்கத்தில் உருட்டி கியரைப் போட்டால் போதும்.

வண்டிப் பராமரிப்பு என்று பேசும்போது, நெல்லைக்காரர்கள் பெருமைப்பட ஒரு விஷயம் உண்டு. டி.வி.எஸ். நிறுவனத்தைத் தொடங்கிய டி.வி.சுந்தரம் ஐயங்கார் பிறந்தது களக்காட்டை அடுத்த திருக்குறுங்குடியில், 1877-ல். 1911-ல் கம்பெனி தொடங்கி மதுரையை மையமாக வைத்து பஸ் விட்டவர். டி.வி.எஸ். பஸ் வருவதைப் பார்த்துக் கடிகாரத்தைத் திருத்திக்கொள்ளலாம் என்று அந்தக் காலத்தில் சொல்வார்கள். இரண்டாம் உலகப்போர் சமயத்தில் பெட்ரோல் கிடைக்காமல் போனபோது, கரியை எரித்து வரும் வாயுவில் வண்டி ஓட்டும் 'கேஸ் பிளான்ட்'டை அவரது நிறுவனம் தயாரித்தது. அவை பெட்ரோல் வண்டிகள் என்பதால் இந்தக் கதைக்கு நேரடி சம்பந்தம் இல்லை. ஆனால் 'ஓடும் வண்டியை ஓட வைத்துக்கொண்டே இருப்பது' என்ற பிடிவாதம் இந்த மண்ணுக்குப் புதிதல்ல.

வெந்நீர் அண்டாவும் ரேடியேட்டரும்

போர் தண்ணீரில் வெந்நீர் போடும் வீடுகளில் அண்டாவின் அடியைப் பார்த்தால் வெள்ளையாக ஒரு படிவு இருக்கும். அதே படிவு இன்ஜினுக்குள்ளும் விழுகிறது. பொதிகையிலிருந்து வருகிற ஆற்றுத் தண்ணீர் மென்மையானது. கடற்கரைப் பக்கத்து போர் தண்ணீரில் உப்பும் சுண்ணாம்பும் அதிகம். கிழக்கே போன வண்டி சூடேறியது என்று கிடைத்த போர் தண்ணீரை ஊற்றி, அதையே பழக்கமாக்கினால், சிலிண்டரைச் சுற்றிச் சுண்ணாம்புச் சுவர் வளரும். இந்தப் படிவு வெப்பத்தை எளிதில் கடத்தாது. ரேடியேட்டர் நிறையத் தண்ணீர் இருந்தும் உள்ளே இரும்பு வெந்துகொண்டிருக்கும். ஒருநாள் ஆரியங்காவு ஏற்றத்தில் ஹெட் கேஸ்கெட் போகும். 'நல்லாத்தானே இருந்துச்சு' என்று அப்போது தோன்றும்.

ஆற்றுத் தண்ணீர்கூட இரண்டாம்பட்சம்தான். சரியான வைத்தியம், டிஸ்டில்டு வாட்டரில் கூலன்ட் கலந்து ஊற்றுவது. வெட் லைனர் போட்ட இன்ஜின்களில் இது இன்னும் முக்கியம். ஓட்டத்தில் லைனர் நுண்ணிய அளவில் அதிர்கிறது. அந்த அதிர்வில் தண்ணீரில் குமிழ்கள் உருவாகி உடைகின்றன. உடைகிற ஒவ்வொன்றும் லைனரின் வெளிச்சுவரை ஊசியால் குத்துவதுபோல அரிக்கும். வெறும் தண்ணீர் இதைத் தடுக்காது. கூலன்ட்டில் உள்ள ரசாயனம் தடுக்கும். கூலன்ட் விலையைப் பார்த்துத் தயங்குகிறவர்கள், ஒரு செட் லைனர் விலையை விசாரித்துவிட்டு முடிவு செய்யலாம்.

ரேடியேட்டரின் வெளிப்பக்கத்தையும் மறக்கக் கூடாது. வைக்கோல் ஏற்றும் பருவத்தில் அதன் இடுக்குகளில் துரும்பும் பூச்சியும் அடைந்து, காற்றே நுழையாது. பின்பக்கத்திலிருந்து, அதாவது இன்ஜின் பக்கத்திலிருந்து முன்பக்கமாகத் தண்ணீர் அடித்தால் வந்த வழியே வெளியேறும். முன்னால் நின்று வேகமாக அடித்தால் துரும்பு இன்னும் உள்ளேதான் போகும்.

பட்டறைகளில் பரவலாக இருக்கும் ஒரு பழக்கம், வண்டி சூடானால் தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறிவது. வெயில் ஊருக்கு அது எதற்கு என்பது வாதம். கேட்க நியாயமாகத்தான் தெரியும். ஆனால், டீசல் இன்ஜினுக்கு ஒரு குறிப்பிட்ட சூடு தேவை. தண்ணீர் சுமார் 80 டிகிரியை எட்டும் வரை தெர்மோஸ்டாட் அதை ரேடியேட்டருக்கு விடாது. அது இல்லாத இன்ஜின் எப்போதும் குளிர்ந்தே ஓடும். டீசல் முழுசாக எரியாமல் லைனர் வழியாக வழிந்து ஆயிலில் கலக்கும். ஆயில் நீர்த்துப்போகும். மைலேஜ் குறையும், தேய்மானம் கூடும். சூடாவதற்கு உண்மையான காரணம் அடைப்போ, தளர்ந்த ஃபேன் பெல்ட்டோ, வாட்டர் பம்ப்போ என்று பார்க்காமல் தெர்மோஸ்டாட்டைத் தண்டிப்பதில் பிரயோஜனமில்லை.

ரேடியேட்டர் மூடியைச் சூட்டோடு திறக்கக் கூடாது என்பது எல்லோருக்கும் தெரியும். தெரிந்தும் முகத்தைச் சுட்டுக்கொள்கிறவர்கள் இருக்கிறார்கள். அரை மணி நேரம் டீக்கடையில் உட்காரலாம், தப்பில்லை.

புழுதி தின்னும் லைனர்

பழைய வண்டிகள் பலவற்றில் ஏர் கிளீனர் ஆயில் பாத் வகை. அடியில் ஒரு கிண்ணம் ஆயில். காற்று அதில் மோதித் திரும்பும்போது தூசி ஆயிலில் ஒட்டிக்கொள்ளும். கிண்ணத்தில் சேறு சேர்ந்துவிட்டால் அது வேலை செய்யாது. சூளைக்குச் செங்கல் ஏற்றும் வண்டி, களத்துமேட்டுக்குள் போகும் வண்டி என்றால் வாரம் ஒருமுறை கழற்றிப் பார்ப்பது நல்லது. கிண்ணத்தில் கோடு போட்டிருக்கும் அளவுக்கு மேல் ஆயில் ஊற்றக் கூடாது. கூடினால் இன்ஜின் அதையும் உறிஞ்சிவிடும்.

பேப்பர் ஃபில்டர் போட்ட வண்டியில், அதை டயரில் தட்டித் தட்டிச் சுத்தம் செய்வார்கள். தட்டும்போது பேப்பரின் மடிப்பில் கண்ணுக்குத் தெரியாத கிழிசல் விழும். அதற்குப் பிறகு அந்த ஃபில்டர் இருந்தும் இல்லாததுதான். உள்ளே ஒரு பல்பை எரியவிட்டு வெளியிலிருந்து பார்த்தால் கிழிசல் தெரிந்துவிடும். பட்டறை கம்ப்ரஸரின் முழு வேகத்தில் காற்றடிப்பதும் அதே கெடுதல்தான்.

உள்ளே போன புழுதி லைனரையும் ரிங்கையும் உப்புத்தாள் தேய்ப்பதுபோலத் தேய்க்கும். ஓடும் இன்ஜினில் ஆயில் மூடியைத் திறந்தால் குபுகுபுவென்று புகை வந்தால் அதற்குப் பட்டறை மொழியில் 'பேக் கம்ப்ரஷன்'. வண்டி வாங்கப் போகிறவர்கள் முதலில் பார்ப்பது இதைத்தான்.

நடுரோட்டில் ஏர் லாக்

டீசல் ஃபில்டரில் பழைய வண்டிகளுக்குப் பெரும்பாலும் இரண்டு கிண்ணங்கள். அடியில் இருக்கும் திருகைக் கொஞ்சம் தளர்த்தினால் தேங்கிய தண்ணீர் இறங்கும். மழைக்காலத்தில் இதை வாரம் ஒருமுறை செய்யலாம். பாதி டேங்க்கோடு ராத்திரி நின்ற வண்டியில், டேங்க்கின் உட்சுவரில் ஈரம் வியர்த்து டீசலில் இறங்கும் என்பதால், மாலையே டீசல் நிரப்பிவிடுவது பழைய டிரைவர்களின் வழக்கம். பம்ப்பின் பிளஞ்சருக்கும் அதன் உறைக்கும் நடுவே உள்ள இடைவெளி, தலைமுடியின் தடிமனைவிடப் பல மடங்கு குறைவு. அங்கே ஒரு சொட்டுத் தண்ணீரும் ஒரு துணுக்குத் துருவும் செய்யும் சேதத்துக்கு வைத்தியம் கிடையாது, மாற்றத்தான் வேண்டும்.

ஃபில்டர் மாற்றினாலோ, டீசல் தீர்ந்து வண்டி நின்றாலோ குழாயில் காற்று புகுந்துவிடும். எவ்வளவு செல்ஃப் அடித்தாலும் ஸ்டார்ட் ஆகாது. பேட்டரிதான் இறங்கும். ஃபில்டர் தலையில் உள்ள ஏர் திருகைத் தளர்த்தி, ஹேண்ட் பம்ப்பை அழுத்திக்கொண்டே இருந்தால் நுரையோடு டீசல் வரும். நுரை நின்று, கண்ணாடிபோல டீசல் மட்டும் வந்ததும், அழுத்திக்கொண்டே திருகை முடுக்க வேண்டும். அடுத்து பம்ப்பில் உள்ள திருகிலும் இதே வேலை. பத்து நிமிஷம்தான். இது தெரியாததால் ராத்திரி இரண்டு மணிக்கு மெக்கானிக்கை எழுப்பி அழைத்துவந்த கதைகள் எல்லா லாரி ஷெட்டிலும் கிடைக்கும்.

'இப்போ வர்ற டீசல்ல சல்ஃபர் இல்லை, பழைய பம்ப் தேஞ்சுடும்' என்று டீசலில் ஆயில் கலக்கிறவர்களும் உண்டு. 2020 ஏப்ரலுக்குப் பிறகு டீசலில் சல்ஃபர் பத்து லட்சத்தில் 10 பங்குக்கு மேல் இருக்கக் கூடாது என்பது உண்மை. ஆனால், டீசலுக்கான இந்தியத் தர நிர்ணயம் ஐ.எஸ். 1460, அதன் வழவழப்புத் தன்மைக்கும் ஒரு வரம்பு வைத்திருக்கிறது. சுத்திகரிப்பு ஆலையிலேயே அதற்கான மருந்து சேர்த்துத்தான் அனுப்புகிறார்கள். தனியாக ஆயில் கலந்தால் புகைதான் கூடும்.

ஒரு சிலிண்டர் மட்டும் 'மிஸ்' அடித்தால் கண்டுபிடிக்க ஒரு பழைய வழி. ஐட்லிங்கில் வைத்து, நாசிலுக்குப் போகும் குழாயின் நட்டை ஒவ்வொன்றாகக் கால் திருகு தளர்த்த வேண்டும். நல்ல சிலிண்டர் என்றால் இன்ஜின் சத்தம் உடனே மாறும். எதைத் தளர்த்தியும் மாற்றமே இல்லையோ, குற்றவாளி அதுதான். தளர்த்தும்போது மேலே துணி போட்டு மூடுங்கள், கண்ணாடி அணியுங்கள், விரலை அருகே கொண்டுபோகாதீர்கள். உயர் அழுத்தத்தில் பீறிடும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போகும். பார்க்க ஊசி குத்தியதுபோலத்தான் இருக்கும். தாமதித்தால் விரலை எடுக்கும் நிலை வரலாம், உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். காமன் ரயில் இன்ஜின் உள்ள புதிய வண்டிகளில் இந்த வேலையை நினைத்தும் பார்க்கக் கூடாது. அங்கே அழுத்தம் பல மடங்கு அதிகம்.

இங்கே ஸ்பேனரைக் கீழே வையுங்கள்

ஆயில் மாற்றுவது, ஃபில்டர், பெல்ட், டேப்பெட் இடைவெளி வைப்பது வரை வீட்டு வாசலிலேயே முடியும். டேப்பெட்டுக்கு ஒரு ஃபீலர் கேஜ் போதும். ஆனால், 'அந்த வண்டிக்கு வெச்ச அளவு இதுக்கும் சரியா இருக்கும்' என்பது ஆகாது. டாடாவில் வந்த பழைய கம்மின்ஸ் 6பிடி இன்ஜினுக்கு, குளிர்ந்த நிலையில் இன்லெட்டுக்கு 0.25 மில்லிமீட்டர், எக்ஸாஸ்ட்டுக்கு 0.50 மில்லிமீட்டர். மற்ற இன்ஜின்களுக்கு வேறு. கம்பெனி புத்தகத்தைப் பார்க்காமல் கை வைக்கக் கூடாது.

கையே வைக்கக் கூடாத இடம் ஒன்று உண்டு, டீசல் பம்ப்பின் சீல். லோடு இழுக்கவில்லை என்றால் சீலை உடைத்து, திருகைச் சுற்றி, டீசலைக் கூட்டி வைக்கும் பழக்கம் இருக்கிறது. அன்றைக்கு வண்டி குதிரைபோல இழுக்கும். எரிய வேண்டிய காற்று அதே அளவுதான் என்பதால், கூடுதல் டீசல் கரும்புகையாகப் போகும். மலையேற்றத்தில் பிஸ்டன் தலை உருகும் அளவுக்குச் சூடேறும். இழுவை குறைந்ததற்கு ஏர் கிளீனர் அடைப்பு, நாசில் கோளாறு என்று சின்னக் காரணங்களே பெரும்பாலும் இருக்கும். நாசிலையும் பம்ப்பையும் டெஸ்ட் பெஞ்ச் வைத்திருக்கும் டீசல் பம்ப் கடையில் கொடுப்பதே சரி. வீட்டில் அதற்கான கருவி கிடையாது.

புகையின் நிறம் ஒரு நல்ல ரிப்போர்ட். கறுப்பு என்றால் டீசல் அதிகம் அல்லது காற்று குறைவு. நீலம் என்றால் ஆயில் எரிகிறது. காலையில் கொஞ்ச நேரம் வெள்ளை வந்தால் கவலையில்லை. சூடான பிறகும் வெள்ளையாகவே வந்து, ரேடியேட்டரில் தண்ணீரும் குறைந்தால் ஹெட் கேஸ்கெட்டைச் சந்தேகிக்கலாம். டீசல் இன்ஜினில் ஆயில் கறுப்பது இயல்பு. பால் கலந்த காபிபோல வெளுத்திருந்தால்தான் ஆபத்து, தண்ணீர் கலந்திருக்கிறது. அளவுகோலில் ஆயில் மட்டம் குறையாமல் ஏறிக்கொண்டே போனால் டீசல் கலக்கிறது.

இறக்கிய பழைய ஆயிலை என்ன செய்வது? வாய்க்காலில் மட்டும் கூடாது. கன்னடியன் கால்வாயோ கோடகன் கால்வாயோ, பாய்வது யாரோ ஒருவரின் வயலுக்கு. ஆற்றின் கீழ்ப்பகுதியில் தூத்துக்குடி வரை அதே தண்ணீரைத்தான் குடிக்கிறார்கள். பயன்படுத்திய ஆயில், 2016-ம் வருட விதிகளின்படி அபாயகரமான கழிவு. கேனில் சேர்த்து, அனுமதி பெற்ற மறுசுழற்சியாளருக்குப் போகும் வழியில்தான் விற்க வேண்டும்.

வெள்ளம் வடிந்த மறுநாள்

2023 டிசம்பர் 17, 18-ஐ இந்த வட்டாரத்தில் யாரும் மறக்கவில்லை. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 சென்டிமீட்டர் மழை. ஸ்ரீவைகுண்டத்தில் ரயில் பயணிகளோடு நின்றுபோனது. நெல்லை ஜங்ஷன் பஸ் ஸ்டாண்டும் வண்ணார்பேட்டையும் வெள்ளத்தில் நின்றன. அப்படி ஒரு வெள்ளத்தில் நின்ற வண்டியைப் பார்த்ததும் எந்த ஓனருக்கும் கை சாவிக்குத்தான் போகும். ஒரு தடவை திருப்பிப் பார்ப்போமே என்றுதான் மனசு சொல்லும். அந்த ஒரு தடவைதான் இன்ஜினைக் கொல்லும்.

டீசல் இன்ஜின் காற்றை 16, 18 மடங்கு அழுத்தி, அந்தச் சூட்டிலேயே டீசலைப் பற்றவைக்கிறது. தண்ணீரை அப்படி அழுத்த முடியாது. சிலிண்டருக்குள் தண்ணீர் நிற்கும்போது செல்ஃப் அடித்தால், மேலே வரும் பிஸ்டனுக்கு வழியில்லாமல் கனெக்டிங் ராடு வளையும்.

முதல் வேலை பேட்டரி ஒயரைக் கழற்றுவது. அடுத்து ஏர் கிளீனரைத் திறந்து பார்ப்பது. உள்ளே ஈரமோ சேறோ இருந்தால், எல்லா நாசில்களையும் கழற்றிவிட்டு இன்ஜினைக் கையால் மெதுவாகச் சுற்ற வேண்டும். தண்ணீர் நாசில் துளைகள் வழியே வெளியேறும். இன்ஜின் ஆயில், டீசல் டேங்க், ஃபில்டர்கள், கியர் பாக்ஸ், டிஃப்ரன்ஷியல் என எல்லாவற்றையும் காலி செய்து புதிதாக நிரப்ப வேண்டும். வீல் பேரிங் கிரீஸும் போயிருக்கும். இரண்டு நாள் வேலை. சாவியைத் திருப்பியதால் ஏற்பட்ட இன்ஜின் சேதத்துக்கு இன்சூரன்ஸில் இழப்பீடு மறுக்கப்படுவதும் உண்டு என்பதால், தண்ணீரில் நிற்கும் நிலையிலேயே போட்டோ எடுத்துவைத்து, கம்பெனிக்குத் தகவல் சொல்லிவிட்டுத் தொடுவது புத்திசாலித்தனம்.

எஃப்.சி.யும் நாற்பது பக்க நோட்டும்

எட்டு வருஷம் தாண்டிய லாரிக்கு ஒவ்வொரு வருஷமும் எஃப்.சி. எடுக்க வேண்டும். அரசு வண்டிகளுக்கு 15 வருஷத்தோடு பதிவு ரத்து என்பது 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறை. டெல்லியில் 10 வருஷம் தாண்டிய டீசல் வண்டிகளை ஓட்டத் தடை விதித்து தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2015-லேயே உத்தரவிட்டது. டீசல் புகை புற்றுநோயை உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2012-ல் உறுதியாக வகைப்படுத்திவிட்டது. எனவே, 'பழைய வண்டிதான் பலம்' என்ற பெருமையைப் பாதியோடு நிறுத்திக்கொள்வது நல்லது. எவ்வளவு பராமரித்தாலும் அது பி.எஸ். 6 ஆகாது. ஆனால், இன்னும் சில வருஷம் அதுதான் சோறு போடப்போகிறது என்றால், கரும்புகை விடாமலாவது ஓட்டலாம். புகைச் சோதனையில் பி.எஸ். 4-க்கு முந்தைய டீசல் வண்டிக்கான வரம்பு 65 ஹார்ட்ரிட்ஜ் யூனிட். நாசிலும் ஏர் கிளீனரும் சரியாக இருந்து, பம்ப் சீல் உடையாமல் இருந்தால் இதற்குள் நிற்க நல்ல வாய்ப்பு உண்டு.

இதற்கெல்லாம் ஒரு நாற்பது பக்க நோட்டு வேண்டும். வண்டியில் வைத்தால் ஆயில் பட்டு நாசமாகும், வீட்டில் இருப்பதே நல்லது. ஓட்டிக் களைத்து வருகிறவர் எழுத மாட்டார். மளிகைக் கணக்கு எழுதும் கைதான் இதற்கும் சரிப்படும். ஆயில் மாற்றிய தேதி, அப்போதைய கிலோமீட்டர், டீசல் ஃபில்டர் எப்போது, கூலன்ட் எப்போது, இடையில் எத்தனை லிட்டர் ஆயில் ஊற்றினோம். டீசல் போடும் ஒவ்வொரு முறையும் லிட்டரும் கிலோமீட்டரும். லிட்டருக்கு நாலரை கிலோமீட்டர் கொடுத்துக்கொண்டிருந்த வண்டி, அதே ரோடு, அதே லோடுக்கு நாலுக்கு இறங்கியிருந்தால் மூன்றாவது நடைக்குள் நோட்டில் தெரிந்துவிடும். ஞாயிற்றுக்கிழமை முதலில் திறந்து பார்க்க வேண்டியது ஏர் கிளீனரை.